மாப்பிள்ளையிடம் கணக்குக் கேட்பது எப்படி?

மார்ச் மாதத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்தால் சிரிப்பு வர வேண்டும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2019-இல் ஹாம்பர்க் நகரத்துக்கு வெளியே ஒரு வாடகைக் கோடவுனில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே 41 பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) மேஜை விரிப்புகள். சிவப்புத் துணி, ஓரமெல்லாம் ஊசியிலை, நாலு மூலையிலும் தாத்தா. கரூரில் நெய்து, அச்சடித்து, தைத்து, மடித்து, தூத்துக்குடியில் கப்பலேற்றியவை. சாயப்பட்டறையில் தாமதமாகி மூன்று வாரம் பிந்திப் போய்ச் சேர்ந்ததால் ஜெர்மனியில் சரக்கு வாங்கும் பையர் ஆர்டரை ரத்து செய்துவிட்டார். அடுத்த டிசம்பருக்கு வைத்திருந்து விற்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அடுத்த வருஷத்துச் சிவப்பு வேறு சிவப்பு. கடைக்காரர்கள் அதை ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். பேலட்டுக்கு இவ்வளவு என்று வாடகை மட்டும் வாரம் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது.

நான் அந்த நிறுவனத்தின் கணக்குப்பிள்ளை. சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம், பிழைக்க வந்த ஊர் கரூர். முதலாளி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இருபது வருஷமாகச் 'செட்டியாரே'தான். நான் அவரை அண்ணா என்பேன். அந்த ஹாம்பர்க் பயணம் முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது. நஷ்டத்தை எழுதியாகிவிட்டது, அலுவலகத்தை மூடியாகிவிட்டது. ஆனாலும் அங்கே ஒரு சமையலறையில் கேட்ட ஒரு கேள்வி மண்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எழுதினாலாவது போகுமா பார்க்கிறேன்.

எங்கள் நிறுவனம் வெளிநாட்டுக்குப் போன கதை கரூரில் பாதிப் பேருடைய கதை. அண்ணாவின் அப்பா கைத்தறி போட்டிருந்தார். பிறகு பெரிய ஏற்றுமதியாளர்களுக்குக் கூலிக்கு நெய்து கொடுத்தார்கள். அப்புறம் சென்னையில், வெளிநாட்டுக் கடைகளுக்குச் சரக்குப் பிடித்துத் தரும் ஒரு பையிங் ஹவுஸ் மூலமாக நேரடி ஆர்டர். அதற்கப்புறம் ஃப்ராங்க்பர்ட்டில் ஜனவரி தோறும் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சியில் ஒரு சின்ன ஸ்டால். முதல் வருஷம் சூட்கேஸ் நிறைய சாம்பிளும் முறுக்கும் கொண்டுபோய், முறுக்கு மட்டும் தீர்ந்து வந்தார்கள். என் மகள் எம்.பி.ஏ. படித்தபோது, இதற்குப் பெயரே இருக்கிறது அப்பா என்றாள்: அப்சாலா மாடல். ஸ்வீடனில் யொஹான்சன், வால்னே என்று இரண்டு பேராசிரியர்கள் 1977-இல் எழுதியதாம். கம்பெனிகள் ஒரே தாவாகத் தாவுவதில்லை. முதலில் ஏஜெண்ட் மூலம் விற்பது, பிறகு சொந்த விற்பனை அலுவலகம், கடைசியில் ஆலை என்று, தெரிந்ததை வைத்துத் தெரியாததற்குள் ஒவ்வொரு அடியாகக் கால் வைக்கின்றன என்பது அதன் சாரம். சரிதான். ஆனால் அந்தக் காலை வைக்கப்போவது யாருடைய கால் என்று அவள் காட்டிய பக்கங்களில் காணவில்லை. எங்கள் வீட்டு மாதிரிக் கம்பெனிகளில் முதல் கேள்வியே அதுதான்.

2016-இல் ஒரு பையர், ஜெர்மனிக்குள்ளேயே சரக்கு இருப்பு வைத்திருந்தால் வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறேன், யூரோவில் உள்ளூர் பில் போட்டுக் கொடுங்கள் என்றார். அங்கே ஒரு ஜி.எம்.பி.ஹெச்., அதாவது நம் ஊர் பிரைவேட் லிமிடெட் மாதிரிக் கம்பெனி, தொடங்க 25,000 யூரோ முதல் வேண்டும். அதில் பாதியைக் கட்டினால் பதிவு செய்துவிடலாம். பணம் பெரிய விஷயமாக இல்லை. யாரை அனுப்புவது என்பதில்தான் நாலு மாதம் போனது. எங்களிடம் ஒரு மெர்ச்சண்டைசர் இருந்தார், பையர்களின் ஆர்டர்களைக் கவனிப்பவர், ஆங்கிலமும் கணக்கும் தெரிந்தவர், பையருக்கும் பிடித்தவர். அவர் பெயரைச் சொன்னேன். அண்ணா சிரித்தார். "வெளியாளை அங்க உட்கார வெச்சுட்டு நமக்கு இங்க தூக்கம் வருமாங்க செட்டியாரே? சொந்தத்துல ஒருத்தர் இருந்தாத்தான் சரிப்படும்." பெரிய மாப்பிள்ளை போனார். கூடவே அண்ணாவின் மகளான பாப்பாவும் அவர்களுடைய ஒன்றரை வயதுக் குழந்தையும். வழியனுப்ப வந்தவர்களுக்கு மட்டும் மூன்று வேன் பிடித்தோம்.

முதல் வருஷம் போனில் நல்ல சேதிகளாகவே வந்தன. ஆனால் கணக்கு வரவில்லை. வெளிநாட்டில் முதலீடு போட்ட கம்பெனி, வருஷாவருஷம் டிசம்பர் 31-க்குள் அதன் நிலவரத்தை வங்கி வழியாக ரிசர்வ் வங்கிக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு அண்ணாவிடம் போனேன். ஸ்டாக் என்ன, எதில் நிற்கிறது, வரவேண்டிய பாக்கி யாரிடம் என்று விவரமாக எழுதிக் கேட்கவா என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "மாப்பிள்ளைகிட்டப் போயி கணக்குக் கேட்டா நல்லாவாங்க இருக்கும்? படிவத்துக்கு என்ன வேணுமோ அதை மட்டும் வாங்கிக்குங்க." அப்படியே செய்தேன். படிவத்துக்கு வேண்டிய நாலு எண்களைக் கேட்டேன். மாப்பிள்ளை நாலு எண்கள் அனுப்பினார். ஸ்டாக் என்ற கட்டத்தில் இருந்த எண் நன்றாகவே கொழுத்திருந்தது. என்ன ஸ்டாக் என்று நான் கேட்கவில்லை. ரிசர்வ் வங்கியும் கேட்கவில்லை.

ஐயாவின் சம்பளச் சீட்டு

இந்த இடத்தில் என் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஐயா என்றால் அப்பாவின் அப்பா. அவர் 1912-இல் பிறந்தவர், பதின்மூன்று வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையின் கடைநிலை எடுபிடியாக, பர்மாவுக்குக் கப்பலேறியவர். 'கொண்டுவிக்கப் போனார்' என்பார்கள் எங்கள் ஊரில். அவர் கடையில் மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தபோது முதலாளி எழுதிக்கொடுத்த சம்பளச் சீட்டு எங்கள் சித்தப்பா வீட்டு ஹாலில் தொங்குகிறது. யாரோ அதை லேமினேட் செய்துவிட்டார்கள்; படிக்கும்போதெல்லாம் ரேஷன் கார்டு மாதிரி பளபளக்கும். யுவ வருஷம் தை மாதம், அதாவது 1936. பர்மாவில் பியாபோன் ஊர்க் கடை. மூன்று வருஷம். மூன்று வருஷத்துக்கும் சேர்த்துச் சம்பளம் இவ்வளவு, அதில் முன்பணம் இவ்வளவு. அங்கே சொந்தத்துக்கு வியாபாரம் செய்யக்கூடாது. தவணை முடிந்ததும் அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்புவித்துவிட்டு ஊர் வந்து சேர வேண்டியது.

குடும்பத் தொழில் கடல் தாண்டுவது என்றால் மகன்களையும் மருமகன்களையும் ஊர் ஊராக உட்கார வைப்பது என்றுதான் அண்ணா நினைத்தார். நானும், செட்டியார்கள் அப்படித்தான் செய்தார்கள் என்று பொதுவாக நம்பிக்கொண்டிருந்தேன், சொந்த வீட்டுச் சுவரில் சீட்டை வைத்துக்கொண்டே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மௌல்மீனில் தொடங்கி, 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் 1,600-க்கு மேல் செட்டியார் கடைகள் இருந்தன. இலங்கை, மலாயா, சிங்கப்பூர், சைகோன் தனி. அத்தனை கடைக்கு எந்த முதலாளிக்கு மகன்கள் இருப்பார்கள்? கடை முதலாளியின் விலாசத்தில், அதாவது அவர் பெயரில், நடக்கும். முதலாளி ஊரில் இருப்பார். கடையை நடத்துவது சம்பளத்துக்குப் போன மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்குக் கீழே பெட்டியடிப் பையன். முதலாளியின் மகனே தொழில் பழகப் போனாலும் பெட்டியடியில்தான் தொடங்க வேண்டும், அதுவும் பல வீடுகளில் வேறொருவர் கடையில். முருகப்பா குழுமத்தைத் தொடங்கிய அ.மு. முருகப்ப செட்டியாரே சிறுவயதில் பர்மாவில் உறவினர் கடையில் தொழில் பழகிவிட்டுத்தான் 1900-இல் மௌல்மீனில் சொந்தக் கடை போட்டார்.

அந்த மேலாளும் முழுக்க வெளியாள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்பது கோவில் பிரிவுகளுக்குள் அடங்கிய ஒரே சமூகம். ஒரு கடையில் கை வைத்தவனுக்கு இன்னொரு கடையில் பெட்டி கிடைக்காது, அவன் பிள்ளைக்குப் பெண்ணும் எளிதில் கிடைக்காது. பத்திரத்தை விடப் பெரிய ஜாமீன் அது. வெளியே பிறந்தவனுக்கு அந்த வட்டத்துக்குள் இடமே இல்லை என்பது அதன் மறுபக்கம். அதை இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் என்னை யோசிக்க வைத்தது அந்த நடு இடம். அதட்டிக் கணக்குக் கேட்க முடியாத அளவுக்கு நெருக்கம் இல்லை, கைவிட்டுவிடக்கூடிய அளவுக்குத் தூரமும் இல்லை. பத்து பைசா குறைந்தால், "எங்கே?" என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம்.

கேட்பதற்கென்று ஒரு நாளும் இருந்தது. ஐயா சொல்வார், மூன்று வருஷத்தில் கடைசி மாதம்தான் கொடுமை என்று. ஊரிலிருந்து புது ஆள் வந்து இறங்குவார். பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாக்கியாகக் கேட்பார். இந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு கொடுத்தீர்கள், வயல் எங்கே இருக்கிறது, போன அறுப்புக்கு ஏன் வட்டி கட்டவில்லை? சம்பான் படகில் ஏறிப் போய் ஆளையும் வயலையும் பார்ப்பார்கள். புதியவர் ஏற்றுக்கொள்ளாத பாக்கி பழையவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஊர் வரைக்கும் வரும். அதனால் புதியவர் இரக்கமே காட்டமாட்டார். இன்று கண்ணை மூடிக்கொண்டால் மூன்று வருஷம் கழித்து அதே பாக்கிக்கு அவரல்லவா பதில் சொல்ல வேண்டும்? ஆஸ்தியையும் கடனையும் ஒத்துப்பார்க்கும் ஐந்தொகை சரியாக வந்தால்தான் ஐயா சோறு தின்பாராம். முதலாளி கப்பலேறிப் போய்ச் சோதிக்க வேண்டியதே இல்லை. சோதனை ஆள் மாற்றத்துக்குள்ளேயே வைத்துத் தைக்கப்பட்டிருந்தது.

அப்புறம் கிட்டங்கி. சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு, பினாங்கில் பினாங்கு தெரு, ரங்கூனில் முகல் தெரு. நீளமான கூடம், இரண்டு பக்கமும் வரிசையாகத் தரையில் பாய், பாய்க்கு முன்னால் ஒரு மரப்பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடை. அங்கேயே தொழில், ராத்திரி பெட்டிக்குப் பக்கத்திலேயே படுக்கை, பல கடைக்கும் பொதுவாக ஒரு சமையலாள். மாதம் பிறந்தால் கோவிலில் கூடி நடப்பு வட்டி பேசி முடிப்பார்கள். வீட்டுப் பெண்கள் போவதில்லை. அதனால் மூன்று வருஷத்துக்கு இதுதான் குடும்பம். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் பத்துப் பேருக்குத் தெரியும். ஒருவன் பெட்டியில் பணம் புரளவில்லை என்றாலும் பத்துப் பேருக்குத் தெரியும். காவலும் துணையும் ஒரே கூடத்தில்.

ஹாம்பர்க் சமையலறை

மாப்பிள்ளைக்குப் பத்துப் பேர் இல்லை. முதல் குளிர்காலம் முடியும்போதே பாப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டது. நாலு மணிக்கு இருட்டிவிடுகிறது, பேச ஆள் இல்லை, குழந்தைக்கு மூக்கு ஒழுகுவது நிற்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவர் தனியாகத்தான் இருந்தார். நான் போனபோது தங்கியதும் அவருடைய அந்த இரண்டு அறை வீட்டில்தான். அடுப்பு மேடையில் ஒரு மின்கெட்டில், ஒரு குக்கர், ஊரிலிருந்து வந்த பருப்புப்பொடி டப்பா. ஜன்னல் ஓரத்தில் காயப்போட்ட ஒரே ஒரு சட்டை.

கோடவுனில் பேலட் எண்ணிவிட்டு வந்த அன்று ராத்திரி, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். கரூரிலிருந்து புறப்படும்போது மனதுக்குள் ஒரு வழக்கே ஜோடித்து வைத்திருந்தேன். எதையோ மறைக்கிறார், மாமனார் பணம் என்கிற மெத்தனம், அது இது என்று. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே எழுந்து போய் அலமாரியிலிருந்து எட்டு ஃபைல்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். மூன்று வருஷத்துப் பில்கள் மாத வாரியாக. ரத்தான ஆர்டரின் கடிதம், கோடவுன் வாடகை ரசீதுகள், பாதி விலைக்காவது தள்ளிவிட முடியுமா என்று அவர் அலைந்த கடைகளின் பட்டியல், எந்தக் கடையில் என்ன சொன்னார்கள் என்பது உட்பட. ஒரு துண்டுச் சீட்டு விட்டுப்போகவில்லை. இருபது வருஷத்தில் இவ்வளவு சுத்தமான ஃபைலை நான் கரூரில் பார்த்ததில்லை.

"இதை ஏன் அனுப்பலை?" என்றேன்.

"யாருங்க சார் கேட்டாங்க? மாமா போன் பண்ணினா, சாப்டீங்களா மாப்ளே, குளிர் எப்படி இருக்குதுன்னு கேட்டுட்டு வெச்சுருவாரு. நீங்க நாலு நம்பர் கேட்டீங்க, அனுப்பினேன். உங்க சரக்கு விக்கலீங்க மாமான்னு நானா எப்படிங்க சொல்றது?" கொஞ்ச நேரம் கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். "நான் எப்ப ஊருக்கு வரலாம்னு அங்க யாராச்சும் பேசினாங்களா?"

யாரும் பேசவில்லை. மூன்று வருஷத்தில் ஒருமுறைகூட. வேன் வைத்து அனுப்பினோம், 25,000 யூரோவுக்குக் கையெழுத்துப் போட்டோம், போர்டு எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்றுகூடப் பேசினோம். எப்போது திரும்புவது என்று பேசவே இல்லை. சம்பளத்துக்குப் போயிருந்தால் அவரே ராஜினாமா எழுதியிருப்பார். மாப்பிள்ளை எப்படி ராஜினாமா செய்வது? எங்கள் ஐயாவோ, பியாபோனில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்த முதல் நாளே தான் எந்தத் தையில் ஊரில் இருப்போம் என்று தெரிந்து வைத்திருந்தார். அன்று ராத்திரி அந்த வீட்டில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐயாவின் சீட்டில் மூன்று வருஷம் என்று எழுதியிருந்ததை முதலாளியின் கண்டிப்பு என்றுதான் அதுவரை படித்திருந்தேன்.

திரும்பி வராத பணம்

ஐயா சீட்டில் கண்டபடி 1939 தையில் ஊர் வந்து சேர்ந்தார். அவரிடம் கணக்கு ஏற்றுக்கொண்டவருக்கு 1942 தையில் தவணை முடிய வேண்டும். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த மார்ச்சில் நகரமே ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. அவர் மணிப்பூர் வழியாக நடந்தே வந்தார். கூட வந்தவர்களில் எத்தனை பேர் வழியிலேயே போனார்கள் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. பேரேட்டை மட்டும் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருந்தாராம். அதில் இருந்த பாக்கி ஒரு பைசா வசூலாகவில்லை.

ஆள் திரும்ப வழி வைத்த அந்த ஏற்பாட்டில், பணம் திரும்பும் வழி அதற்கு முன்பே அடைபட்டுவிட்டது. 1930-இல் நெல் விலை சரிந்தபோது பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடைகளின் பெயருக்கு மாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் 6 சதவீத நிலம் இருந்தது. 1938-இல் அது 25 சதவீதம். ஐயாவின் முதலாளிமார் அதை ஆஸ்தி என்று பேரேட்டில் எழுதிக்கொண்டார்கள். உழுதவர்களுக்கு அது பறிபோன சொந்த மண். அந்தக் கோபம் நியாயமானது என்று ஐயாவே ஒப்புக்கொள்வார். வட்டித் தொழில்காரனுக்கு வயல் என்பது துணிக்காரனுக்கு மார்ச் மாதத்துக் கிறிஸ்துமஸ் தாத்தா மாதிரிதான். ஐந்தொகையில் கொழுத்த எண்ணாக நிற்கும், கப்பலில் ஏற்றிக்கொண்டு வர முடியாது. சுதந்திர பர்மா 1948-இல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது. யுத்தத்துக்கு முன்பே முதலைத் தாய்நாட்டுக்கு நகர்த்திய சில வீடுகள் இங்கே ஆலைகள் கட்டின. முருகப்பா குடும்பம் அப்படித்தான் 1949-இல் சைக்கிள் செய்யத் தொடங்கியது. எங்கள் ஐயாவின் முதலாளி வீட்டில் தேக்குத் தூண்கள் மட்டும் மிஞ்சின.

ஹாம்பர்க் விரிப்புகளைக் கடைசியில் எடைக்கு விற்றோம். 2019 ஜூனில் மாப்பிள்ளை ஊர் வந்தார். அண்ணா விமான நிலையத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எதுவுமே பேசவில்லை, காரில் ஏறியதும், "சாப்டீங்களா மாப்ளே?" என்றார். இப்போது மாப்பிள்ளை சாயப்பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார். சரக்கு ஒரு நாள் பிந்தினால் அவர் போடும் சத்தம் பேருந்து நிலையம் வரை கேட்கும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் கரூர் முழுக்க எல்லோரும் வேறு சந்தை, வேறு சந்தை என்றே பேசினார்கள். அதற்கு முந்தைய மாதம் 24 அன்றுதான் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. மான்செஸ்டரில் ஒரு சின்ன அலுவலகம் போடலாமா என்று அண்ணா கேட்டார். இந்த முறை யார் போவது என்பதற்கு நாலு மாதம் ஆகவில்லை. எட்டு வருஷமாக எங்களிடம் மெர்ச்சண்டைசராக இருக்கும் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னதே மாப்பிள்ளைதான். அண்ணா கொஞ்சம் நெளிந்தார், பிறகு தலையாட்டினார். நிபந்தனைகளை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

இரண்டு பக்கம் எழுதினேன். மாதாமாதம் எது எது அனுப்ப வேண்டும், எவ்வளவு ஸ்டாக்குக்கு மேல் தாண்டக்கூடாது, வருஷத்துக்கு எத்தனை முறை ஊர் வரலாம், அடுத்து யார் போய்க் கணக்கு ஏற்றுக்கொள்வது. அண்ணா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு முதல் வரியைப் படித்தார். நிமிர்ந்தார்.

"ஏனுங்க செட்டியாரே, திரும்பி வர்ற தேதியை மொதல்லயே போட்டுட்டீங்க. போற தேதி எங்க?"

அதற்குக் கீழே இடம் விட்டிருந்தேன்.